சமூகத் தள வாயிலும் அநுமதி மறுப்பும்

பழைய மாணவர் சங்கம் ஒன்று தனக்கென ஒரு வலைத்தளம் அமைக்கின்றது என்று கொள்வோம். உறுப்பினர் ஒவ்வொருவரும் புதியதொரு கடவுச்சொல்லை உண்டாக்கி, அதனைச் சில நாளில் மறந்து, பின்னர்ச் செயலாளருக்கு எழுதி வருந்துதல் வேண்டா என்னும் நல்லெண்ணத்தால், ‘பேஸ்புக் வழியாக உட்புகுக’, ‘கூகிள் வழியாக உட்புகுக’ என்னும் இரண்டு பொத்தான்களை முகப்பில் வைக்கின்றனர். தளத்தை அமைத்தவர் தம் கணினியில் அழுத்திப் பார்க்கின்றார்; கதவு திறக்கின்றது. மறுநாள் உறுப்பினர்கள் அழுத்துகின்றனர், கதவு திறக்கவில்லை. அநுமதியில்லை என்னும் பொருள்பட ஓர் ஆங்கிலச் சொற்றொடரும், அதன் கீழே சில குறிகளுமே தோன்றுகின்றன.

இந்நிலையில் மக்கள் செய்வன பெரும்பாலும் இரண்டு. கண்ணிற்பட்ட அமைப்புக்களையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிப் பார்த்தல் ஒன்று; சோதனை செய்யும் பூட்டையே கழற்றிவிடுதல் மற்றொன்று. முன்னது காலத்தை வீணாக்கும். பின்னது நம்மை நம்பிய பிறருடைய வீட்டைத் திறந்து வைக்கும். இவ்விரண்டுமல்லாத மூன்றாவது வழியொன்று உண்டு. மறுப்பு எவ்விடத்தில் நிகழ்ந்தது என்று முதலிற் காண்க. அவ்விடத்தில் எந்தச் சோதனை நடைபெறுகின்றது என்று அறிக. அச்சோதனை கேட்பதை உள்ளவாறு கொடுக்க. இதனை விளக்குதலே இவ்வியாசத்தின் நோக்கமாம்.

முதற்கண் இப்பூட்டு ஏன் ஏற்பட்டது என்பதை அறிதல் நலம். 2007-ஆம் ஆண்டை ஒட்டிய காலம் வரையில், ஒரு தளம் மற்றொரு தளத்தில் உள்ள நம் பொருளை எடுத்துவர வேண்டுமாயின், பல இடங்களில் நம் கடவுச்சொல்லையே கேட்டு வாங்கிற்று. இஃது எதனைப் போன்றது எனின், விடுதியில் வாழும் மாணவன் ஒருவன், அழுக்குத் துணிகளை எடுத்துச் செல்ல வரும் சலவைக்காரரிடம் தன் சாவிக்கொத்து முழுவதையும் கொடுத்துவிட்டு ஊருக்குச் செல்வதைப் போன்றதாம். சலவைக்காரர் நேர்மையுள்ளவரே யாயினும், அக்கொத்து மேஜையையும் திறக்கும், பெட்டியையும் திறக்கும். வழியில் அது தவறிவிடின் கண்டெடுத்தவனுக்கும் அவை திறக்கும். கொடுத்ததை மீட்க வேண்டின் பூட்டுக்களையே மாற்றுதல் வேண்டும். இதற்கு மாறாக, ‘இன்ன அறையிலுள்ள துணிமூட்டையை மட்டும், வெள்ளிக்கிழமைக்குள், இச்சீட்டைக் கொண்டு வருபவரிடம் கொடுக்க’ என்று விடுதிக் காப்பாளர் கையொப்பமிட்ட சீட்டொன்று இருக்குமாயின், சாவி மாணவனிடமே தங்கும், வேலையும் முடியும், வேண்டாதபோது அச்சீட்டை மட்டும் செல்லாததாக்கி விடலாம்.

இணையத்தில் இத்தகைய சீட்டுமுறையை ஏற்படுத்தும் முயற்சி, டுவிட்டர் நிறுவனத்திற் பணிபுரிந்த பிளெய்ன் குக் முதலியோரால் 2006-ஆம் ஆண்டு நவம்பரில் தொடங்கப்பெற்று, ‘ஓஆத்’ என்னும் பெயருடன் 2007-ஆம் ஆண்டு டிசம்பரில் முதல் வடிவம் பெற்றது. டுவிட்டரோடு இணையும் பிற செயலிகள் கடவுச்சொல்லைக் கொண்டு உட்புகும் பழைய முறை 2010-ஆம் ஆண்டு ஆகஸ்டில் நிறுத்தப்பட்டது. ஓஆத் இரண்டாம் பதிப்பு 2012-ஆம் ஆண்டு அக்டோபரில் இணையப் பொறியியற் பணிக்குழுவினரின் 6749-ஆம் எண்ணுள்ள ஆவணமாக வெளிவந்தது. இன்று வலைத்தளங்களிற் காணப்படும் ‘இன்ன தளத்தின் வழியாக உட்புகுக’ என்னும் பொத்தான்களுட் பெரும்பாலன இம்முறையையே அடிப்படையாகக் கொண்டவை.

ஈண்டு ஒரு வேற்றுமையை மனத்திற் கொள்ளல் வேண்டும். இவன் யார் என்று அறிவது ஒன்று; இவன் என்ன செய்யலாம் என்று வரையறுப்பது வேறு. முன்னது அடையாளம், பின்னது அநுமதி. ஓஆத் தன்னளவில் அநுமதியைப் பற்றியதே. அதன்மீது அடையாளம் அறியும் முறையொன்று ‘ஓப்பன்ஐடி கனெக்ட்’ என்னும் பெயரால் 2014-ஆம் ஆண்டு பிப்ரவரியிற் சேர்க்கப்பெற்றது. சர்வர்கள் அனுப்பும் எண்களிலும் இவ்வேற்றுமை உண்டு. 401 என்னும் எண் வருமாயின், நீ யார் என்பதற்கான செல்லத்தக்க சான்று வரவில்லை என்பது கருத்து. 403 என்னும் எண் வருமாயின், உன் வேண்டுகோள் விளங்கிற்று, ஆயினும் இதனைச் செய்ய உனக்கு இடமில்லை என்பது கருத்து. 401-க்கு இடப்பட்ட ஆங்கிலப் பெயர் ‘அநுமதியற்றது’ என்று பொருள்படுவதால், பலர் அடையாளக் குறையை அநுமதிக் குறையாக எண்ணி, தேட வேண்டாத இடத்திற் பல மணி நேரம் தேடுகின்றனர்.

நிற்க. பொத்தானை அழுத்தியபின் நிகழும் பயணத்தை இனி வரிசையாகக் காண்போம். நம் தளத்தை முன்னதாகவே சமூகத் தளத்தின் பதிவேட்டிற் பதிவு செய்திருத்தல் வேண்டும். பதிவின்போது நமக்குப் பெயரெண் ஒன்றும் இரகசியக் குறி ஒன்றும் கிடைக்கின்றன. உறுப்பினரைத் திருப்பி அனுப்ப வேண்டிய முகவரியை நாம் எழுதிக் கொடுக்கின்றோம். உறுப்பினர் பொத்தானை அழுத்தியதும், அவருடைய பிரௌசர் சமூகத் தளத்தின் வாயிலுக்குச் செல்கின்றது. செல்லும்போது நம் பெயரெண், திரும்பும் முகவரி, நாம் வேண்டும் அநுமதிகளின் பட்டி, பிறரால் ஊகிக்க இயலாத ‘ஸ்டேட்’ என்னும் அடையாளத் தொடர் ஆகிய நான்கையும் எடுத்துச் செல்கின்றது. உறுப்பினர் தம் கடவுச்சொல்லை அவ்வாயிலில் மட்டுமே கூறி, இன்னின்னவற்றைக் கொடுக்கச் சம்மதம் என்று இசைகின்றார். அப்பொழுது வாயில் அவரைத் திரும்பும் முகவரிக்கு அனுப்பி, உடன் தற்காலிகக் குறி ஒன்றையும் தருகின்றது. நம் சர்வர் அக்குறியையும் தன் இரகசியக் குறியையும் நேரே வாயிலிடம் காட்டி, அநுமதிச் சீட்டாகிய டோக்கனைப் பெறுகின்றது. அச்சீட்டைக் காட்டிய பின்னரே உறுப்பினரின் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் நமக்குக் கிடைக்கின்றன.

சீட்டையே நேராகக் கொடாமல் இடையிலே தற்காலிகக் குறி ஒன்றை வைத்தது ஏன்? பிரௌசரின் முகவரிப் பட்டையிற் செல்வது பிறர் கண்ணிற் படக்கூடும். அங்ஙனம் பட்டாலும், இரகசியக் குறி இல்லாதவனுக்குத் தற்காலிகக் குறி பயன்படாது. இவ்வாறே இப்பயணத்தில் உள்ள ஒவ்வொரு தடையும் ஒரு தீங்கைக் கருதியே வைக்கப்பட்டது.

இனிப் பிழைகளை ஆராய்வோம். மறுப்புத் தோன்றும் இடங்கள் ஐந்து.

முதலாவது, மறுப்பு சமூகத் தளத்தின் பக்கத்திலேயே தோன்றி, உறுப்பினர் நம் தளத்துக்குத் திரும்பாமலே நிற்றல். இதற்குக் காரணம் பெரும்பாலும் நம் பதிவில் உள்ளது. திரும்பும் முகவரி பதிவேட்டில் உள்ளதனோடு பொருந்தாவிடின், உறுப்பினரைத் தானாக அங்கே அனுப்புதல் கூடாது என்று மேற்கூறிய ஆவணம் விதிக்கின்றது. கூகிள் இதனை 400 என்னும் எண்ணுடன் ‘ரீடைரக்ட் யூஆர்ஐ மிஸ்மாட்ச்’ என்று அறிவிக்கும். பொருத்தம் என்பது ஈண்டு எழுத்துக்கு எழுத்து பொருந்துதலாம். இறுதியிலுள்ள ஒரு சாய்கோடு மிகினும் குறையினும் பொருந்தாது. முன்னே மூன்று டபிள்யூ இருப்பதும் இல்லாததும் வேறு. எச்டிடிபி என்பதும் எச்டிடிபிஎஸ் என்பதும் வேறு. பேஸ்புக் 2018-ஆம் ஆண்டில் இத்தகைய கண்டிப்பான பொருத்தத்தையும், எச்டிடிபிஎஸ் முகவரியையும் கட்டாயமாக்கிற்று.

இவ்விடத்திற் பலரை மயக்குவது ஒன்றுண்டு. தளத்தின் முகவரி பிரௌசரில் எச்டிடிபிஎஸ் என்றே காணப்படும். பதிவேட்டிலும் அவ்வாறே எழுதியிருப்போம். எனினும் பொருந்தவில்லை என்ற மறுப்பே வரும். காரணம் யாதெனின், நம் சர்வருக்கு முன்னே ‘பிராக்ஸி’ என்னும் இடைநிலைச் சர்வர் ஒன்று நின்று, மறைபொருளாக வந்த செய்தியைத் திறந்து, உள்ளே வெறும் எச்டிடிபியாக அனுப்புகின்றது. உள்ளிருக்கும் சர்வர் தன்னை எச்டிடிபி என்றே எண்ணித் திரும்பும் முகவரியை அவ்வாறே எழுதி அனுப்புகின்றது. ஆகவே, நாம் அனுப்பியதாக நினைக்கும் முகவரியை நம்பாமல், உண்மையில் அனுப்பப்பட்ட முகவரியைப் பிரௌசரின் முகவரிப் பட்டையிலிருந்து எடுத்து, பதிவேட்டில் உள்ளதன் கீழ் வைத்து, எழுத்தெழுத்தாக ஒப்பிடுதல் வேண்டும். பெரும்பாலான வேளைகளில் பிழை அப்பொழுதே கண்ணிற்படும்.

தளத்தை அமைத்தவருக்குத் திறந்த கதவு உறுப்பினருக்குத் திறவாமை பற்றி முதலிற் கூறினோம். அதன் காரணமும் இவ்விடத்திலேயே பெரும்பாலும் காணப்படும். புதிதாகப் பதிவு செய்த செயலி சோதனை நிலையில் இருக்கும். அந்நிலையில் பேஸ்புக், அச்செயலியிற் பொறுப்புடையவராகப் பதிவு செய்யப்பட்டவரையே அநுமதிக்கின்றது. கூகிளும் சோதனை நிலையில் உள்ள செயலிக்கு 100 சோதனையாளர் என்னும் வரம்பை வைத்துள்ளது. அமைத்தவர் அப்பட்டியில் உள்ளவராதலின் அவருக்குத் திறந்தது, ஏனையோர்க்குத் திறக்கவில்லை. இது பிழையன்று; செயலியைப் பொது நிலைக்கு மாற்றுவதற்குரிய விவரங்களையும், வேண்டிய இடத்து ஆய்வையும் நிறைவேற்றுதலே மருந்து. ஆதலின், அமைத்தவர் தம் கணக்கால் மட்டும் சோதித்துவிட்டு வேலை முடிந்தது என்று எண்ணலாகாது. பொறுப்பேதும் இல்லாத ஒருவரைக் கொண்டும் சோதித்தல் வேண்டும்.

இரண்டாவது, உறுப்பினர் நம் தளத்துக்குத் திரும்பியும், முகவரியிற் பிழைக்குறி ஒன்றைச் சுமந்து வருதல். ‘ஆக்ஸஸ் டினைட்’ என்று இருப்பின், உறுப்பினர் இசையவில்லை, அல்லது வாயில் இசையவில்லை என்பது பொருள். ‘இன்வாலிட் ஸ்கோப்’ என்று இருப்பின், நாம் வேண்டிய அநுமதிப் பட்டியிற் குறையுள்ளது. உள்ளே புகுதற்குப் பெயரும் மின்னஞ்சலுமே போதுமாக, நண்பர் பட்டியையும் பதிவுகளையும் சேர்த்துக் கேட்பின், வாயிலும் மறுக்கும், அறிவுள்ள உறுப்பினரும் மறுப்பர். துணிமூட்டைக்கு வந்தவர் பெட்டிச் சாவியையும் கேட்டால் கொடுப்பவர் யார்? மேலும், உறுப்பினர் உட்புக இசைந்து, மின்னஞ்சலை மட்டும் கொடாமல் விடுதலும் உண்டு. மின்னஞ்சல் கட்டாயம் வரும் என்று எண்ணி எழுதப்பட்ட நிரல் அங்கே இடறி விழும். கொடாததைக் கொடாததாகவே ஏற்று, வேண்டுமாயின் பணிவுடன் மீண்டும் கேட்பதே முறை.

மூன்றாவது, பிழைக்குறி ஏதுமின்றித் திரும்பிய உறுப்பினரை நம் தளமே ஏற்க மறுத்தல். புறப்படும்போது கொடுத்தனுப்பிய ஸ்டேட் தொடரும், திரும்பும்போது வந்த தொடரும் ஒவ்வாவிடின் இது நிகழும். மூன்று டபிள்யூ உள்ள முகவரியிலிருந்து புறப்பட்டு, அஃதில்லாத முகவரிக்குத் திரும்பினால், பிரௌசர் முதல் முகவரிக்கென வைத்திருந்த ‘குக்கி’ என்னும் நினைவுக்குறிப்பு இரண்டாவதற்குக் கொடுக்கப்படாமற் போகும். அப்பொழுது, தான் அனுப்பியவரையே தளம் அறியாது. தளத்துக்கு ஒரே முகவரியை வரையறுத்து, மற்றதனைத் தொடக்கத்திலேயே அதற்குத் திருப்பிவிடின் இக்குறை தீரும். சிலர் இச்சோதனையே வேண்டா என்று நீக்கிவிடுகின்றனர். 2009-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஓஆத் முதற் பதிப்பிற் கண்டறியப்பட்ட பெருங்குறை இதனோடு ஒத்ததே. பயணத்தைத் தொடங்கியவரும் முடித்தவரும் ஒருவரே என்பதற்கு அதில் உறுதி இல்லை. ஆதலின், ஒருவன் தொடங்கிய பயணத்தை மற்றொருவரைக் கொண்டு முடிப்பித்து, அவருடைய அநுமதியைத் தனதாக்கிக்கொள்ள வழியிருந்தது. அவ்வாண்டு ஜூனில் திருத்திய பதிப்பு வெளியாயிற்று. பேரறிஞர் பலர் கூடி அமைத்ததிலே இக்குறை நேர்ந்து திருத்தப்பட்டிருக்க, அத்திருத்தத்தின் பயனை நாம் சோம்பலால் நீக்கலாகாது.

நான்காவது, தற்காலிகக் குறியைக் கொடுத்துச் சீட்டுப் பெறும் இடத்தில் மறுப்பு நேர்தல். இஃது உறுப்பினரின் கண்ணுக்குத் தெரியாது. சர்வரின் நிகழ்ச்சிப் பதிவேட்டில் மட்டுமே தோன்றும். ‘இன்வாலிட் கிளையன்ட்’ என்று இருப்பின், நம் பெயரெண்ணோ இரகசியக் குறியோ தவறு. படியெடுக்கும்போது இறுதியில் ஒட்டிக்கொண்ட வெற்றிடம் ஒன்றே இதற்குப் போதும். சோதனைத் தளத்தின் குறியை உண்மைத் தளத்தில் வைத்தலும் உண்டு. ‘இன்வாலிட் கிராண்ட்’ என்று இருப்பின், தற்காலிகக் குறி காலம் கடந்தது, அல்லது முன்னரே ஒருமுறை பயன்படுத்தப்பட்டது, அல்லது இப்போது கூறிய திரும்பும் முகவரி முன்பு கூறியதனோடு ஒவ்வாதது. தற்காலிகக் குறியின் ஆயுள் 10 நிமிஷத்துக்கு மேற்படலாகாது என்று ஆவணம் பரிந்துரைக்கின்றது. ஒருமுறைக்கு மேல் அது செல்லவும் செல்லாது. உறுப்பினர் பொறுமையிழந்து பக்கத்தை மீண்டும் ஏற்றினால், அதே குறி இரண்டாம் முறை சென்று மறுக்கப்படும்.

ஐந்தாவது, சில நாள் நன்றாக நடந்தபின் மறுப்புத் தோன்றுதல். சீட்டுக்கு ஆயுள் உண்டு. பேஸ்புக்கின் குறுங்காலச் சீட்டு ஒன்று அல்லது இரண்டு மணி நேரமும், நெடுங்காலச் சீட்டு ஏறத்தாழ 60 நாளும் செல்லும். ஆயுள் முடியுமுன்னரும், உறுப்பினர் கடவுச்சொல்லை மாற்றினாலோ, கொடுத்த அநுமதியை மீட்டுக்கொண்டாலோ, சீட்டுச் செல்லாததாகும். அப்பொழுது மீண்டும் உறுப்பினரின் இசைவைப் பெறுதலே வழி. பழைய சீட்டை நூறு முறை நீட்டினும் பயனில்லை.

இவ்வாறு இடத்தைக் கண்டபின், ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுக. மாற்றியதனைக் குறித்து வைக்க. பயனில்லையாயின் முன்போலவே ஆக்கிவிட்டு அடுத்ததற்குச் செல்க. இரண்டை ஒருங்கே மாற்றியவன் கதவு திறந்தாலும், எதனால் திறந்தது என்று அறியான். பிறரிடம் உதவி கேட்கும்போது, பிழைச்செய்தியை முழுவதும் காட்டுக. இரகசியக் குறியையும் டோக்கனையும் மட்டும் மறைக்க. அறியாமல் வெளியிட்டிருப்பின் உடனே பழையதை நீக்கிப் புதியதைப் பெறுக.

டோக்கன் என்பது, பெரும்பாலும், கையில் வைத்திருப்பவன் எவனோ அவனுக்கே செல்லும் சீட்டு. உரியவனா என்று அது கேளாது. 2018-ஆம் ஆண்டு செப்டம்பரில் பேஸ்புக் வெளியிட்ட செய்தி இதற்குச் சான்று. அந்நிறுவனத்தின் நிரலில் இருந்த குறைகளைக் கொண்டு அயலார் டோக்கன்களைக் கவர்ந்தனர். ஏறத்தாழ 3 கோடி மக்களின் டோக்கன்கள் கவரப்பட்டன என்று அடுத்த மாதம் அறிவிக்கப்பட்டது. கவர்ந்தவர் எவருடைய கடவுச்சொல்லையும் அறியவேண்டியிருக்கவில்லை. அதே நிகழ்ச்சி சீட்டுமுறையின் நன்மையையும் காட்டிற்று. நிறுவனம் ஏறத்தாழ 9 கோடிக் கணக்குகளின் டோக்கன்களைச் செல்லாதனவாக்கிற்று. மக்கள் மீண்டும் ஒருமுறை உட்புகுந்ததன்றிக் கடவுச்சொல்லை மாற்ற வேண்டியதாயிருக்கவில்லை.

ஆகவே, வேலை விரைவில் முடிய வேண்டும் என்று கருதித் திரும்பும் முகவரியிற் ‘எதுவாயினும் ஆகுக’ என்னும் உடுக்குறி இடுதலும், ஸ்டேட் சோதனையை நீக்குதலும், இவையெல்லாம் வேண்டா என்று உறுப்பினரின் கடவுச்சொல்லையே கேட்டு வாங்குதலும் சிறு குற்றங்களல்ல. இழப்பு நம்முடையதாயின் நாம் பொறுக்கலாம். நம் கல்லூரியின் பெயரை நம்பித் தம் பெயரையும் முகவரியையும் கொடுத்த பழைய மாணவர் ஒருவருடையதாயின், அதனை எவ்வாறு ஈடுசெய்வோம்?

ஆதியாகமத்தில் ஈசாக்கின் வரலாற்றை நம்மிற் பலர் அறிவோம். பார்வை மங்கிய அம்முதியவர் தம்முன் வந்து நின்ற மகனைச் சோதித்தார். குரல் இளைய மகனாகிய யாக்கோபின் குரலாயிருந்தது. கைகளோ ஆட்டுத்தோல் போர்த்தமையால் மூத்த மகன் ஏசாவின் கைகள் போலிருந்தன. இரண்டும் ஒவ்வாமையை அவர் கண்டார். கண்டும் ஆசி வழங்கினார். உண்மை வெளிப்பட்டபோது நடுங்கினார்; வழங்கிய ஆசியை மீட்க இயலவில்லை. அவர் செய்த சோதனையிற் குறையில்லை. ஒவ்வாமையைக் கண்டபின் மறுக்காமையே குறை. நம் பொத்தானை அழுத்தியபோது ‘பொருந்தவில்லை’ என்று நிற்கும் வாயில், அக்குறையைச் செய்யாத வாயிலாம். அதனோடு பிணங்காமல், அது பொருந்தவில்லை என்று காட்டிய எழுத்தைத் தேடித் திருத்துவோமாக.